மேலுறைக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் பக்கத்தில் வந்த மாடல் விமானக் கட்டுரையைப் படித்தேன். பால்சா மரத்தில் சட்டம் கட்டுவதை அவ்வளவு பொறுமையாகச் சொன்னவர், அந்தச் சட்டத்தின்மேல் ஒட்டும் மேலுறையை மட்டும் 'கடைசியில் பிடித்த நிறத்தில் ஒட்டிக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நிறத்தைப் பார்த்து ஏமாந்தவன் நான். என் முதல் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானம், ரொம்பச் சின்னது. இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி ஒட்டும் ஃபிலிம் பளபளவென்று இருந்ததால் அதையே போட்டேன். அது சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிராம். மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ காகிதமோ 12 கிராம்தான். காகிதத்தை இறுக்க அதன்மேல் பூசும் டோப் என்ற வார்னிஷ் போன்ற பூச்சைச் சேர்த்தாலும் ஃபிலிமில் பாதிகூட வராது. சூட்டில் ஃபிலிம் சுருங்கியதும் ஒல்லியான வால் வில்லாக வளைந்துவிட்டது. வால் கனத்ததால், அதைச் சமன்செய்ய மூக்கில் ஈயம் வைக்க வேண்டிவந்தது. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டு மூன்று கிராம் கூட்ட வேண்டும். அப்புறம் எங்கே மிதக்கும்?

ஃபிலிமைக் குறை சொல்லவில்லை. எஞ்சின் எண்ணெய் தெறிக்கும் பெரிய விமானத்துக்கு அதுதான் சரி. அடிப்பக்கத்தை முதலில் ஒட்டி, மேல்பக்கத்தை அதன்மீது மடித்து ஒட்டினால் போதும்.

சின்ன விமானத்துக்கு டிஷ்யூதான். ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகப் போகும். நேராகக் கிழிவதுதான் இழையின் திசை. அது இறக்கையின் நீளவாக்கில் இருக்க வேண்டும். ஒட்டியபின் தண்ணீரைப் பனிபோலத் தெளித்தால், காயக் காயத் தொய்வெல்லாம் போய் விரலால் சுண்டினால் டப்பென்று சத்தம் வரும். காயும்வரை இறக்கையைப் பலகையில் குண்டூசியால் அசையாமல் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய இறக்கை நேராகப் பறக்காது. பிறகு தின்னர் கலந்து நீர்த்த டோப்பை மெல்லிசாகப் பூச வேண்டும். அதில் சில சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் அளவுக்கு மீறி இறுக்காது.

இந்த டோப் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவியும் நல்லதல்ல. படிப்பவர்கள் பிள்ளைகள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல், பெரியவர் ஒருவர் கூட இருந்துதான் பூச வேண்டும் என்பதையாவது அடுத்த இதழில் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மாடல் விமானம் கட்டும் ஒரு வாசகர்