அடுத்தடுத்து இரண்டு பீரியட் கொடுங்கள்

பள்ளி நிர்வாகிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும், முக்கியமாகக் கால அட்டவணை போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கும் ஆசிரியை நான். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள், அடுத்தடுத்த இரண்டு பீரியடைச் சேர்த்து, வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் கையால் செய்து படிப்பதற்கு விடுங்கள். ஏன் இரண்டு, அதுவும் ஏன் சேர்ந்தாற்போல என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

44/18 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 22/9 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். ஒருத்தி மட்டும், "எதுக்கு டீச்சர் சுருக்கணும்?" என்று கேட்டாள். "அப்படி எழுதினாத்தான் முழு மார்க்" என்றேன். சொன்ன எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பழைய சைக்கிளை மைதானத்தில் தலைகீழாக நிறுத்தினோம். செயின் பக்கம் யார் விரலும் போகக் கூடாது என்பது முதல் விதி. பற்களை எண்ணச் சொன்னேன். எங்கே தொடங்கினோம் என்பதை மறந்து மூன்று முறை சண்டை வந்தது. அப்புறம் ஒருவன் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டான். பெடல் பக்கம் 44, பின்சக்கரத்தில் 18. டயரின் உச்சியில் ஒரு குறி வைத்து, பெடலையும் மேலே நிறுத்திவிட்டுக் கேட்டேன்: பெடலைச் சுற்றினால் இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கு எப்போது வரும்?

சக்கரம் முந்தி ஓடிவிடாமல் ஒருவன் டயரை லேசாக அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி மெதுவாகச் சுற்றினாள். பெடல் ஒரு சுற்று வந்தபோது டயர் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. இரண்டாவதிலும் சேரவில்லை, மூன்றாவதிலும் சேரவில்லை. பாதிப் பேருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. ஒன்பதாவது சுற்றில் குறி நேராக உச்சியில் வந்து நின்றது. டயரை எண்ணிக்கொண்டிருந்தவன் "இருபத்திரண்டு" என்றான். கேள்வி கேட்டவள் தானாகவே சொன்னாள்: "டீச்சர், இது அந்த 22/9!" 9 × 44, 22 × 18 இரண்டுமே 396; 44க்கும் 18க்கும் மீச்சிறு பொது மடங்கு அதுதான். அந்த மீச்சிறு பொது மடங்கை நான் இரண்டு வாரம் நடத்தியிருந்தேன். அது அன்றைக்குத்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. சக்கரத்தின் விட்டம் 66 செ.மீ., அதை π (பை) என்ற எண்ணால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 207 செ.மீ. பத்துச் சுற்றுக்கு 20 மீட்டர் 70 சென்டிமீட்டர் போக வேண்டும். ஒருவன் ஏறி ஓட்ட, மற்றவர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். 20 மீட்டர் 50தான் வந்தது. "நோட்டில் 70ன்னே எழுதிடலாமா டீச்சர்?" என்று ஒரு குரல். இந்தப் பழக்கத்தை நாம்தான் ஊட்டியிருக்கிறோம். அதற்குள் இன்னொருவன், "ஆள் ஏறினா டயர் அமுங்குதில்ல, அதனால இருக்குமோ?" என்றான். இதற்காகத்தானே இவர்களை வெளியே கூட்டிவந்தேன் என்று நினைத்தேன். மணி அடித்துவிட்டது.

ஆள் ஏறாமல் தள்ளிக்கொண்டு போய் அளக்க இன்னும் பத்து நிமிடம் போதும். ஆனால் அடுத்த ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அது அவர் தவறு இல்லை. இரண்டு வாரம் கழித்து விளையாட்டு ஆசிரியரிடம் கெஞ்சி மைதானத்தை வாங்கினேன். தள்ளிக்கொண்டு போனபோது 20 மீட்டர் 66 வந்தது. பையன் சொன்னது சரி. ஆனால் அன்றைக்கு இருந்த பரபரப்பில் கால்வாசிகூட அவன் முகத்தில் இல்லை.

சைக்கிளுக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. ஒரு குச்சியை நட்டு அதன் நிழலை அளக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் மிகக் குட்டையாவது கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போதுதான் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை என்பது தெரிய வேண்டுமானால் நண்பகலுக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டு ஊர்களின் நண்பகல் நிழல் காட்டிய கோணத்தில் இருந்த வித்தியாசத்தை வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டு, அதிலிருந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். நாற்பது நிமிடத்தில் முடி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் புதிதும் இல்லை. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி சிகாகோவில் தன் சோதனைப் பள்ளியைத் தொடங்கியது 1896இல். மரவேலை, நெசவு, சமையல் வழியாகவே அங்கே பாடம் நடந்தது. நடுநிலை வகுப்பு இதற்கு இன்னும் பொருத்தமான வயது. பதினொன்று, பன்னிரண்டு வயதையொட்டித்தான் பிள்ளைகள் கண்ணெதிரே இல்லாததையும் 'இப்படி இருந்தால்' என்று வைத்து யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்றார் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே. அதனால் இனிக் கைவேலை தேவையில்லை, கரும்பலகை போதும் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 'டயர் அமுங்குகிறதோ' என்று யோசிக்கிறவனுக்கு அமுக்கிப் பார்க்க ஒரு டயர் வேண்டாமா?

"போர்ஷன் முடியாது" என்பீர்கள். கொஞ்சம் பின்தங்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரே சைக்கிளில் விகிதம், பின்னம், வட்டத்தின் சுற்றளவு, மீச்சிறு பொது மடங்கு எல்லாம் வந்துவிட்டன.

"வருஷா வருஷம் கண்காட்சி நடத்துகிறோமே, வெளியே அழைத்துப் போகிறோமே" என்பீர்கள். கண்காட்சிக்கு வரும் அட்டை எரிமலையில் பாதி பெற்றோர் செய்தது என்பது உங்களுக்கும் தெரியும். வெளியே போவதைப் பற்றி என் குற்றத்தையே சொல்கிறேன். ஒரு முறை அருங்காட்சியகத்துக்குப் போகும்போது முப்பது கேள்விகள் அச்சடித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினார்கள். காட்சிப்பொருள் முன்னால் ஒரு நிமிடம் நின்றவர்கள் மிகக் குறைவு.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. நாற்பது பேருக்கு ஒரே ஆசிரியர் போதாது. அந்த இரண்டு பீரியடுக்கு இன்னொருவரையும் சேர்த்து விடுங்கள். அந்த வேலைக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் நோட்டைப் பார்த்துப் போடுவோம். 20.50 என்று எழுதி, அது ஏன் என்று யோசித்தவனுக்கு, 20.70 என்று எழுதியவனைவிட ஒன்று கூடக் கிடைக்கட்டும்.

புதுக் கட்டடமோ ஆய்வகக் கருவிகளோ கேட்கவில்லை. அடுத்த அட்டவணை போடும்போது ஒரு நாளின் கடைசி இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கோட்டை அழித்துக் கொடுங்கள். கடைசி என்றால் வாசலில் யாரும் காத்து நிற்க மாட்டார்கள். சைக்கிளை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை