காளான் காட்டில் கிழக்கு மேற்கு தெரியாமல்

உமியோ, ஸ்வீடன்
செப்டம்பர் 23

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகள் கல்யாணம் தை மாதம் என்று படித்ததும் இங்கே வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டிக்கெட் விலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இறங்கினபாடில்லை. எப்படியும் வந்துவிடுவோம். உன் முழங்கால் வலிக்கு மூன்றாவது வைத்தியரிடம் போயிருக்கிறாய் போல. ஒருத்தர் சொல்வதையாவது ஒரு மாதம் முழுசாகக் கேள்.

அப்புறம், சின்னவன் நண்பர்களோடு கொடைக்கானல் மலைப்பக்கம் நடக்கப் போகிறான், அவனுக்கு ஒரு காம்பஸ் அனுப்பு என்று எழுதியிருந்தாய். 'போன தடவை கொடுத்த மாதிரி ஓட்டைக் காம்பஸ் வேண்டாம்' என்று அதில் ஒரு குத்து வேறு. அந்த ஓட்டைக் காம்பஸுக்குக் கடைசியில் வருகிறேன். அதில் என் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்கு முன்னால், போன சனிக்கிழமை நான் காட்டில் தொலைந்துபோனதைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்காமல் படி.

இங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் ஊரே காளானுக்கும் காட்டுப்பழத்துக்கும் கிளம்பிவிடும். யார் காடாக இருந்தாலும் நடக்கலாம், பறிக்கலாம், அது இந்த ஊர்ச் சட்டத்தில் இருக்கிற உரிமை. எனக்குக் கான்டரெல் காளான்மேல் பைத்தியம். முட்டைக்கரு நிறத்தில், குடை கவிழ்ந்து புனலாகிவிட்ட மாதிரி இருக்கும். பாசிக்குள் ஒன்று தெரிந்தால் சுற்றிலும் பத்து இருக்கும். பிரச்சினையே அதுதான். தலையைக் குனிந்தபடி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருப்போம்.

ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, வடக்கு தெற்காக ஓடுகிற மண்ரோட்டில் காரை நிறுத்தினேன். காலை ஒன்பது மணி வெயில் வலது கன்னத்தில் அடிக்க, கிழக்கே காட்டுக்குள் இறங்கினேன். இது நினைவிருந்தது என் அதிர்ஷ்டம். பதினோரு மணிக்கு வானம் மூடிவிட்டது. மூடினால் நம் ஊர் மேகம் மாதிரி திட்டுத்திட்டாக இல்லை, சட்டியைக் கவிழ்த்த மாதிரி. சூரியன் எந்தப் பக்கம் என்று ஊகிக்கக்கூட முடியாது.

பை நிறைந்தது, திரும்பலாம் என்று நடக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் நடந்திருப்பேன். வேரோடு சாய்ந்த ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரத்தடியில் வெட்டின காளான் அடித்தண்டுகள் கிடந்தன, வெட்டு இன்னும் ஈரமாக. யாரோ எனக்கு முன்னால் வந்து வழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது. பக்கத்திலேயே ஒரு ஆரஞ்சுத்தோல். காலையில் நான் உரித்த ஆரஞ்சு.

வயிற்றில் ஒரு சில்லிப்பு இறங்கிற்று பார், அது பயம் என்று புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. ஜிபிஎஸ் வேலை செய்தது. ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கவில்லை. வெறும் சாம்பல் கட்டங்கள், நடுவில் ஒரு நீலப்புள்ளி. 'நீ இங்கே இருக்கிறாய்' என்கிறது. எங்கே என்றுதான் சொல்லவில்லை. பேட்டரி ஒன்பது சதவீதம். 112 அழைக்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று அணைத்துவிட்டேன்.

கொடைக்கானலில் மதிகெட்டான் சோலைக்குள் போனால் ஏதோ செடியை மிதித்து மதி கெட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லி நீ என்னைப் பயமுறுத்தினது ஞாபகம் இருக்கிறதா? செடியெல்லாம் தேவையே இல்லையாம். யான் சௌமன் என்ற ஆராய்ச்சியாளரும் குழுவும் ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டிலும் துனிசியா பக்கத்துச் சகாராவிலும் ஆட்களை 'நேராக நட' என்று அனுப்பி ஜிபிஎஸ் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2009ல் கட்டுரை வந்தது. வெயில் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போயிருக்கிறார்கள். மேகம் மூடின நாளில் காட்டுக்குள் போனவர்கள் வட்டமடித்து, தாங்கள் வந்த தடத்தையே தெரியாமல் குறுக்கே கடந்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் சில சமயம் இருபது மீட்டர் வட்டத்துக்குள்ளேயே சுற்றினார்களாம். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று காரணம் சொல்வோமே, அதுவும் இல்லை, ஒரே ஆள் இடப்பக்கமும் வளைகிறார், வலப்பக்கமும் வளைகிறார். இதையெல்லாம் நான் முன்பே படித்தவன். படித்தும் வட்டமடித்தேன்.

சரி, காம்பஸ். கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நமக்கு என்சிசியில் கொடுத்தார்களே அந்தக் கனமான பித்தளை பிரிஸ்மாடிக் இல்லை. கண்ணாடித் தகடு மாதிரி ஒன்று, மேலே திருகுகிற வட்டம், உள்ளே எண்ணெயில் மிதக்கிற முள். தகட்டையும் வட்டத்தையும் சேர்த்துக் கோணமானியையே காம்பஸுக்குள் கொண்டுவந்தது இந்த ஊர்க்காரர்கள்தான், 1930களில். காட்டில் வரைபடத்தோடு ஓடுகிற பந்தயம் இங்கே அதற்கும் முந்தியது. 1919லேயே ஸ்டாக்ஹோம் பக்கத்தில் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி பெரிய போட்டி நடத்தியிருக்கிறார். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். என் மகள் பத்து வயதில் எனக்குக் கற்றுக் கொடுத்தாள்.

எடுத்துப் பார்த்தேன். சிவப்பு முள் நான் தெற்கு என்று நினைத்த பக்கத்தைக் காட்டுகிறது.

பங்காளி, இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். காம்பஸ் பார்க்கப் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். அது சொல்வதை ஒத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. என் உடம்பு முழுக்க 'ரோடு முன்னால் இருக்கிறது' என்கிறது, இந்தச் சின்ன முள் 'முதுகுக்குப் பின்னால்' என்கிறது. முதலில் தட்டிப் பார்த்தேன். அப்புறம் போன்தான் கெடுக்கிறது என்று போனையும் கத்தியையும் ஒரு கல்மேல் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். அதே பக்கம். கடைசியாக, தரையில் இரும்புத்தாது இருக்குமோ என்றுகூட யோசித்தேன். கிருனா இரும்புச் சுரங்கம் இங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. தன் புத்தி தப்பு என்று ஒத்துக்கொள்ளாமல் இருக்க மனுஷன் நிலத்துக்கு அடியில் சுரங்கத்தையே தோண்டுவான்.

நாமெல்லாம் மதுரையில் வளர்ந்தவர்கள் வேறு. மேலமாசி, கீழமாசி, வடக்குமாசி, தெற்குமாசி என்று தெருப்பெயரே திசை. 'கொஞ்சம் கிழக்காம தள்ளி உட்காரு' என்று பாட்டி திண்ணையில் சொன்னால் யோசிக்காமல் நகர்ந்தோம். நிமிர்ந்தால் தெற்குக் கோபுரம். அதனால் எனக்குத் திசை உள்ளுக்குள்ளேயே இருக்கிறது என்று இத்தனை வருஷமாக ஒரு திமிர். கோபுரம் இல்லாத இடத்தில் அந்தத் திமிர் எதற்காகும்?

ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். தொலைந்துவிட்டால் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு என்று இங்கே குழந்தைகளுக்குச் சொல்லித் தருவார்கள். ரோடு எந்தப் பக்கம் என்றே தெரியாதவனுக்கு அதுதான் சரி. அவன் கையில் காம்பஸ் இருந்து என்ன, வடக்கைக் கண்டுபிடித்து வடக்கே போய் நிற்பான். எனக்கு ஒன்று தெரியும். ரோடு வடக்கு தெற்காகப் பல கிலோமீட்டர் ஓடுகிறது, நான் அதற்குக் கிழக்கே இருக்கிறேன். மேற்கே நேராகப் போனால் எங்கேயாவது அதில் போய் முட்டித்தான் ஆக வேண்டும்.

வட்டத்தைத் திருகி 270ஐ மேல் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். தகட்டை நெஞ்சுக்கு நேரே படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, சிவப்பு முள் உள்ளே வரைந்திருக்கிற சிவப்பு அம்புக்குள் போய் உட்காரும்வரை நானே சுற்றினேன். கையை மட்டும் திருப்பக்கூடாது, ஆளே திரும்ப வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் நேர் எதிரே, பட்டை உரிந்த ஒரு பைன். அதுவரை நட. அங்கே நின்று மறுபடி பார், அடுத்த மரத்தைப் பிடி. முள்ளையே பார்த்துக்கொண்டு நடந்தால் காலடியில் இருக்கிற குழியில்தான் போய் விழுவோம்.

தூரம் மறக்காமல் இருக்க இடது காலை மட்டும் எண்ணினேன். சமதளத்தில் எனக்கு அறுபத்துமூன்று எண்ணினால் நூறு மீட்டர். பாசியிலும் பாறையிலும் எழுபத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். நூறு மீட்டருக்கு ஒரு பைன் காய் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு. நடுவில் ஒரு சதுப்பு வந்தது. கால் வைத்தால் முழங்கால்வரை உறிஞ்சும் ரகம். அக்கரையில் என் கோட்டுக்கு நேராகச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டமரம் நின்றது. அதைக் குறித்துக்கொண்டு கரையோரமாகச் சுற்றிப் போய் அதன் முதுகைத் தொட்டேன். சந்தேகத்துக்குத் திரும்பி நின்று பின்திசையும் பார்த்தேன். 'நூற்றெண்பதுக்கு மேலே போனா கழி, கீழே இருந்தா கூட்டு' என்று என்சிசி முகாமில் பயிற்சி கொடுத்த உஸ்தாத் கத்துவாரே, அதே கணக்கு. 270க்கு 90. நான் கிளம்பின இடம் 90ல் சரியாக நின்றது. அப்போதுதான் அந்த முள்மேல் முழு நம்பிக்கை வந்தது.

அதே உஸ்தாத் கைக்கடிகாரத்தை வைத்துத் திசை பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. சிறிய முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடி, அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் தெற்கு. ஏப்ரல் மதுரையில் உச்சிவெயிலில் அது என்றைக்காவது சரியாக வந்ததா? வராது. சூரியன் தலைக்கு நேர்மேலே நின்றால் முள்ளை எங்கே காட்டுவது? இங்கே உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும், அதனால் ஓரளவு சரியாக வரும். ஆனால் சூரியன் வேண்டுமே.

பதினேழாவது பைன் காயில் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. ரோடு.

ரோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் இடது பக்கம் திரும்பி இருபது நிமிஷம் நடந்தேன். காரைக் காணோம். வரிசையாகத் தபால்பெட்டிகள் வந்தன, வரும்போது அவற்றைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்த வழியே போனால், நான் காட்டிலிருந்து ஏறின இடத்துக்கு வடக்கே முந்நூறு மீட்டரில் சமத்தாக நிற்கிறது வண்டி. இதையும் சின்னவனுக்குச் சொல். போகிறபோதே காருக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய், அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், திரும்பி ரோட்டில் ஏறினதும் எந்தப் பக்கம் போவது என்ற சந்தேகம் வராது. வைகைக் கரைக்குப் போகிறாய், ஏவி பாலத்தைப் பிடிக்க வேண்டும் என்று வை. நேராகப் பாலத்துக்கே குறி வைத்துத் தப்பினால் பாலம் வலப்பக்கமா இடப்பக்கமா தெரியாது. வேண்டுமென்றே நன்றாகக் கிழக்கே தள்ளிப் போய் ஆற்றில் இறங்கினால், மேற்கே திரும்ப வேண்டியதுதான், சந்தேகமே இல்லை.

இன்னொன்று, முள் காட்டுவது காந்த வடக்கு, வரைபடத்தின் வடக்கு இல்லை. இந்தப் பக்கம் முள் எட்டு டிகிரிக்கு மேலேயே கிழக்கே விலகி நிற்கும். எட்டு டிகிரி விலகினால் இரண்டு கிலோமீட்டரில் 280 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம். சனிக்கிழமை நான் அதைக் கழிக்க மறந்துவிட்டேன். நீளமான ரோட்டை நோக்கிப் போனதால் பாதகம் இல்லை. ஒரு குடிசையைத் தேடிப் போயிருந்தால் தவறவிட்டிருப்பேன். கொடைக்கானலில் அந்த வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள்தான், சின்னவன் கவலைப்பட வேண்டாம். அவன் கவலைப்பட வேண்டியது வனத்துறை அனுமதியை நினைத்தும் காட்டெருமையை நினைத்தும்தான்.

இப்போது உன் ஓட்டைக் காம்பஸ். நான் கொடுத்தபோது முள் ஒரு பக்கம் அடியில் உரசிக்கொண்டு சுற்றவே மாட்டேன் என்கிறது, டூப்ளிகேட் என்று திட்டினாய். அது டூப்ளிகேட் இல்லை, பங்காளி. பூமியின் காந்தம் முள்ளை வடக்கே மட்டும் இழுப்பதில்லை, கீழேயும் இழுக்கும். இங்கே அந்தச் சாய்வு எழுபது டிகிரிக்கும் மேல். முள்ளின் வடக்கு முனை கீழே தொங்கிவிடாமல் இருக்க, தெற்கு முனையில் துளி எடை சேர்த்து விற்பார்கள். மதுரையில் அந்த இழுப்பு அநேகமாகக் கிடையாது, காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. இழுப்பு இல்லாத ஊரில் அந்த எடை மட்டும் மிச்சம். அதனால் தெற்கு முனை கீழே இறங்கி அடியில் உரசுகிறது. உலகத்தில் எங்கே கொண்டுபோனாலும் மட்டமாக நிற்கிற மாதிரி செய்த முள்ளும் உண்டு, விலை கொஞ்சம் கூட. சின்னவனுக்கு அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். தை மாதம் வரை பொறுக்கமாட்டான் என்றால் எழுது, தபாலில் அனுப்புகிறேன்.

பறித்த காளானில் பாதி உதிர்ந்து பைக்குள் மாவாகிவிட்டது. மீதியைக் காயவைத்திருக்கிறேன், வரும்போது தங்கச்சிக்குக் கொண்டுவருகிறேன். புளிக்குழம்பில் போட்டுவிடாதே என்று சொல்லிவை.

அந்தப் பழைய காம்பஸைத் தூக்கி எறியவில்லைதானே? இருந்தால் ஒன்று செய். திண்ணைக்குக் கொண்டுபோய், தகட்டின் தெற்குப் பக்கத்தை மெல்லக் கீழே சாய்த்து, முள் உரசாமல் மிதக்கிற மாதிரிப் பிடி. உன் வீட்டு வாசல் வடக்கே பார்த்தது. முள் வாசலைப் பார்க்கிறதா, சமையற்கட்டைப் பார்க்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
பங்காளி