மன்சானியாவும் நெத்திலியும்

பாப்பா,

உங்கம்மா தூங்கிட்டா. போன்லயே தட்டிக்கிட்டு இருக்கேன், கண்ணாடிய வேற எங்க வச்சேன்னு தெரியல, எழுத்து தப்பா இருந்தா நீயே சரி பண்ணி படிச்சுக்க. ஒன்னைய பாத்துட்டு நாங்க ஊர் திரும்பி ஏழு வாரம் ஆச்சு. நீ அம்மாட்ட அரை மணி நேரம் பேசுத, என்னட்ட "மாத்திர போட்டீங்களா"ன்னு கேட்டுட்டு வச்சிருத. வேல ஜாஸ்தியா இருக்கும், ஸ்பெயின்ல இப்ப கோடை, ஒங்க ஓட்டல் இருக்கிற பாஹோ தெ கியா கரை பூரா கூட்டம் நெரியும்னு அம்மாட்ட நானாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். வேலைக்கு சாப்ட்டுட்டு போறியா? சாப்பாட்டுக்கு ஏத்த ஒயின் பாத்து குடுக்கிற வேலைதான்னாலும் வெறும் வயித்துல கிளாஸ் கிளாஸா ருசி பாக்காத மக்கா. துப்பிருவேன்னுதான் சொன்ன, துப்புனாலும் கொஞ்சம் உள்ள போகத்தான செய்யும்.

இன்னிக்கு நெத்திலி நல்லா வந்திருந்துச்சு. அம்மா பொரிச்சா. தட்டுல கை வச்சதும் ஒன் ஞாபகம்தான். பொரிச்ச நெத்திலிக்கு ஒங்க ஊரு மன்சானியா ஒயின், ஐஸ்ல வச்சு சில்லுன்னு குடுக்கணும், எண்ணெயும் உப்பும் நாக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும்போது அது வழிச்சு விட்டு அடுத்த வாய்க்கு தயாராக்கிரும்னு சொன்னியே. அந்த கடலமாவு போட்டு சுட்டது, பேரு வாயில நொழையல, நம்ம கூனி இறால் வடைய தோசை மாதிரி மெலிசா ஊத்துன கணக்கா இருந்துச்சு, அதுக்கும் மன்சானியாதான். நான் காது குடுக்கலன்னு நெனச்சிருப்ப. எல்லாத்தையும் அன்னன்னிக்கு ராத்திரி டைரில எழுதிட்டேன்.

பீப்பா கிடங்குக்கு கூட்டிட்டு போனியே, அதுவும் இருக்கு. 600 லிட்டர் பிடிக்கிற பீப்பால 500தான் ஊத்துவாங்க, மேல காத்து நிக்கணும், அப்பதான் ஈஸ்ட் ஆடை மாதிரி படியும், அதுக்கு பேரே பூவாம். உங்கம்மா ஊறுகா ஜாடில அப்படி படிஞ்சா சாக்கடைல கவுத்திருவா, அங்க பூன்னு பேரு வச்சு பொத்தி பொத்தி வளக்காங்க! ஆல்கஹால் 15 சதவீதம் வரைக்கும் அந்த பூ உயிரோட இருக்கும், 17க்கு ஏத்துனா செத்துரும், செத்தப்புறம் காத்து பட்டு பட்டு கருத்து ஒலொரோசோங்கிற ஒயின் ஆயிரும். பூ சாகாம பக்கத்து ஊரு ஹெரெஸ்ல செஞ்சா ஃபினோ, அதே திராட்சை ஒங்க ஊரு சான்லூகார்ல கடக்காத்துல கிடந்தா மன்சானியா. மைக்ரோபயாலஜி படிக்க வச்ச காசு வீணாப்போச்சுன்னு நான் அன்னிக்கு சொன்னது தப்புதான், இதுவும் அதுதான போல. ஆனா லேப் வேல இருந்துச்சுன்னா ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்திருப்ப, ராத்திரி ஒரு மணிக்கு தனியா நடந்து போக வேண்டியதில்ல. சரி விடு, சொல்லல.

நீந்துறதுக்கு ஃபினோ, பறக்கிறதுக்கு அமோந்தியாதோ, ஓடுறதுக்கு ஒலொரோசோ. மூணும் ஒயின் பேருன்னு சொல்லி இத நேத்து வாக்கிங்ல ஹார்பர் ஆளுங்கள்ட்ட சொன்னேன், மீனு, கோழி, மாடுன்னு விளக்கிட்டு, என் மக சொன்னதுன்னும் சொன்னேன். ஆர்ட்டிசோக்குன்னு அந்த பூமொட்டு காய் கதையும் சொன்னேன், அத தின்ன வாய்க்கு எந்த ஒயினும் அசட்டு இனிப்பா ஆயிரும், ஃபினோவும் மன்சானியாவும்தான் தாங்கும்னு. ஒருத்தன் "பாருல வேலையா"ன்னு கேட்டான். மூஞ்சில அடிச்ச மாதிரி பதில் சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல. மணப்பாட்டு சித்தியும் அப்படித்தான் கேக்கா. நீயும் ஒரு வார்த்த முன்னாடியே ஒழுங்கா சொல்லி வச்சிருக்கலாம், ஓட்டல் மேனேஜ்மெண்ட்டுன்னு எத்தன வருசம் நானே சமாளிக்க?

சாப்பாட்ட மட்டும் விட்டுராத. ஒரு முட்டையாவது அவிச்சு தின்னுட்டு போ.

நான் சொல்ல வந்தது அந்த கடைசி நாள் பத்தி. ஒங்க ஓனரம்மா காளை வால் கறி வச்சு குடுத்தாங்களே, எலும்பு தன்னால கழண்டு வந்துச்சே. அதுக்கு ஒலொரோசோதான் கொண்டுவருவன்னு நெனச்சேன், டைரில அப்படித்தான எழுதியிருக்கேன். நீ ரியோஹா எடுத்துட்டு வந்த, நீ படிக்க போன ஊரு ஒயின்னு. ரெசெர்வா, மூணு வருசம் கிடக்கணும், அதுல ஒரு வருசமாவது ஓக் பீப்பாக்குள்ளன்னு சொல்லிக்கிட்டே கிளாஸ ஆட்டி என் மூக்குக்கிட்ட நீட்டி, "கிராம்பு வாசம் வருதாப்பா?"ன்னு கேட்ட.

எனக்கு சுருக்குன்னு ஆயிட்டு. நீ குத்திக்காட்டுதன்னு நெனச்சிட்டேன். கிளாஸ தள்ளி வச்சிட்டு, எங்க குடும்பத்துல இத யாரும் தொட்டதே இல்லன்னு சொல்லு அவங்கள்ட்டன்னேன். கிறிஸ்மசுக்கு உங்கம்மா ஜாடி ஜாடியா ஒயின் ஊறப்போடுற வீட்டுல! நீ என்னைய ஒரு நிமிசம் பாத்த, அப்புறம் ஸ்பானிஷ்ல சொன்ன. அவங்க நெஞ்சுல கை வச்சு தலைய ஆட்டுனாங்க, எனக்கு தண்ணி ஊத்துனாங்க.

அது பீப்பா வாசந்தான்னு ஊருக்கு வந்து டைரிய பொரட்டும்போதுதான் தெரிஞ்சுது. ஓக்குலருந்தே கிராம்பு வாசம் வரும்னு ரெண்டாவது நாளே நீ சொல்லி நானே எழுதியிருக்கேன். என் புத்திதான் வேற எங்கயோ போயிட்டு.

நாலாங்கிளாஸ்ல நீ. டிவிஎஸ் பிப்டில ஒக்கார வச்சு, கைல முறுக்கு குடுத்து, பத்து நிமிசத்துல வாரேன்னு உள்ள போவேன். வரும்போது கிராம்ப மென்னுக்கிட்டு வருவேன். வண்டி பஞ்சருன்னு அம்மாட்ட சொல்லு பாப்பான்னு சொல்லிக் குடுத்தேன். நீ ஒரு எழுத்து பிசகாம சொன்ன. அந்த மழை அன்னிக்கு நான் வரலன்னு நீயே உள்ள தேடி வந்து, அத்தன டேபிளுக்கு நடுவுல நனைஞ்சுக்கிட்டு நின்ன. அன்னிக்கும் வீட்டுல வந்து பஞ்சருன்னுதான் சொன்ன. 2014 ஈஸ்டருக்கு அப்புறம் நான் தொடல, அது ஒனக்கு தெரியும், அதுக்கு முன்னால உள்ளத பத்தி நான் ஒன்ட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல. பேசாம இருந்தா மறந்துருவன்னு இருந்துட்டேன். இப்ப இத்தன வயசுக்கப்புறம் வேற நாட்டுக்கே வந்து திரும்பவும் ஒன்னையே பொய் சொல்ல வச்சுட்டு வந்திருக்கேன்.

ஓனரம்மாட்ட மாத்தி சொல்லிரு. எங்கப்பா தொட்டிருக்காருன்னே சொல்லு, வருசக்கணக்கா தொட்டிருக்காருன்னு சொல்லு, அவங்க என்ன நெனச்சாலும் பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை ஒனக்கு லீவுன்னா எனக்கு போன் போடு, அம்மா போனுக்கு இல்ல, எனக்கு.

நீ கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல. வந்துச்சு மக்கா. கிளாஸ நீட்டும்போதே வந்துருச்சு.

அப்பா