பாசிப்பயறுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

மேல்நிலைத் தாவரவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த முறை பாடத்தைத் திருத்தும்போது ஒரே ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகமும் சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களிலிருந்து வந்தவை என்று வகுப்பில் சொல்கிறோம். அதோடு நிறுத்தினால், என்றோ நடந்து முடிந்த கதை என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அது முடியவில்லை. அவற்றின் மரபணுக்கள் உட்கருவுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பசுங்கணிகத்துக்கு மூதாதையான சயனோபாக்டீரியா இனத்தில் ஆயிரக்கணக்கில் மரபணுக்கள் உண்டு. நெல்லின் பசுங்கணிகத்தில் மிஞ்சியிருப்பவை நூற்றுச் சொச்சம்தான். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியையே பாருங்கள்: அதன் பெரிய துணையலகுக்கான (புரதப் பகுதிக்கான) மரபணு பசுங்கணிகத்தில், சிறியதற்கானது உட்கருவில். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் ஒரு வரி சேர்த்தாலே இது போதும்.

பக்கம் தேவைப்படுவது பயறுகளுக்கு. செல் சுவாசத்துக்கு வேண்டிய காக்ஸ்2 மரபணு பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. பாசிப்பயறிலும் தட்டைப்பயறிலும் அது அங்கே இல்லை, உட்கருவுக்குப் போய்விட்டது. 1991இல் ஆய்வாளர்கள் நியூஜென்ட்டும் பாமரும் இதை வெளியிட்டார்கள். சோயாவில் இன்னும் அருமை: இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஆனால் வேலை செய்வது உட்கருவில் உள்ளது மட்டுமே. எந்த வழியாகப் போனது என்பதற்கும் தடயம் உண்டு. தாவர மைட்டோகாண்ட்ரியாவில் மரபணுவின் நகலாக ஆர்.என்.ஏ. உருவான பிறகு, அதன் எழுத்துகளில் சில சைட்டோசின்கள் யுராசிலாகத் திருத்தப்படுகின்றன. உட்கருவில் இருக்கும் மரபணு அந்தத் திருத்திய வடிவத்தையே ஒத்திருக்கிறது. அப்படியென்றால் அது ஆர்.என்.ஏ. வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எட்டாத விஷயமே அல்ல.

இன்றும் நடக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு 2003இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் செய்த புகையிலைச் சோதனை இருக்கிறது. உட்கருவுக்குப் போனால் மட்டுமே சரிவரச் செயல்படும் ஒரு கானமைசின் (நாற்றுகளைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்) எதிர்ப்பு மரபணுவைப் பசுங்கணிகத்தில் வைத்து, அந்தச் செடியின் மகரந்தத்தைச் சாதாரணச் செடிகளுக்குச் சேர்த்தார்கள். புகையிலையில் பசுங்கணிகம் பொதுவாகத் தாய்வழியே வருவது. எனவே கானமைசினில் பிழைத்த நாற்று என்றால், மரபணு உட்கருவுக்கு மாறியிருக்கிறது. ஏறத்தாழ 16,000 மகரந்தத் துகள்களுக்கு ஒன்று!

தயவுசெய்து இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகச் சுருக்கிவிடாதீர்கள். எந்தப் பயறில் மரபணு எங்கே என்ற சிறு அட்டவணையை மட்டும் கொடுங்கள். எது முதலில், எது பிறகு என்று மாணவர்களே வரிசைப்படுத்தட்டும். அட்டவணையைத் தொகுத்துத் தர நான் தயார்.

அன்புடன்,
ஒரு தாவரவியல் ஆசிரியர்