கலைக்கூடம் திருப்பணி முடிஞ்சுது: உறுப்பினர்களுக்கு கமிட்டி சொல்ற விவரம்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், தாம்பரம்னு சிட்டில அங்கங்க இருக்கிற நம்ம ஊர்க்காரங்க, ஊர்லயே இருக்கிறவங்க, வெளிநாட்ல இருந்து மாசா மாசம் தவறாம பணம் போட்டவங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதறோம். படக் கண்காட்சியும் தெருக்கூத்துப் பயிற்சியும் நடக்கிற நம்ம கலைக்கூடத்தோட வேலை முடிஞ்சுது. கோயில் வேலைக்குத்தான் திருப்பணின்னு சொல்றது வழக்கம், ஆனா திரௌபதி அம்மன் கோயில் மைதானத்த ஒட்டி இருக்கிறதால ஆரம்பிச்ச அன்னைக்கே ஊர்ல எல்லாரும் திருப்பணின்னே சொல்லிட்டாங்க, நாங்களும் ரசீது புக்குல அப்படியே அடிச்சிட்டோம்.

போன் பண்ற எல்லாரும் ரெண்டு கேள்வி கேக்கறீங்க. ஏன் ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, இவ்ளோ செலவு பண்ணியும் ரோட்ல இருந்து பாத்தா புதுசா ஒண்ணும் தெரியலயே, ஒரு ஆர்ச்சு கூட கட்டலயே. ரெண்டுக்கும் ஒரே பதில்தான். சுவரு.

செங்குன்றம் தாண்டி பெரியபாளையம் ரோட்டுல போறவங்களுக்கு தெரியும், நம்ம கட்டடம் ஒரு காலத்துல நெல்லு குடோன். ஒண்ணரை அடி கனத்துல செங்கல் சுவரு, சுண்ணாம்புச் சாந்து, மேல மங்களூர் ஓடு. சுமார் இருபது வருஷம் முன்னாடி ஒரு கான்ட்ராக்டர் வந்து பழைய சுண்ணாம்புப் பூச்ச பூரா கொத்தி எடுத்துட்டு உள்ளயும் வெளியவும் சிமெண்ட் பூசி மேல பெயிண்ட் அடிச்சிட்டு போனாரு. அப்ப பாக்க பளபளன்னு நல்லாத்தான் இருந்துச்சு, நாங்களே சந்தோஷப்பட்டோம். பழைய கட்டடத்துக்கு அஸ்திவாரத்துல ஈரத்தடுப்பு கிடையாது, அதனால மண்ணுல இருக்கிற ஈரம் செங்கல் வழியா மேல ஏறிக்கிட்டேதான் இருக்கும், சுண்ணாம்புப் பூச்சு இருந்தப்ப அந்த ஈரம் அப்படியே சுவாசம் விடற மாதிரி வெளிய போயிடும். சிமெண்ட் போட்டதும் வழி அடைச்சுப் போச்சு. உள்ளயே நின்ன ஈரம் இன்னும் மேல ஏறி, கூடவே மண்ணுல இருந்த உப்பையும் கூட்டிட்டு வந்து, இடுப்பு உயரத்துக்கு ஓதம் அடிச்சு, பெயிண்ட் கொப்பளிச்சு, வெள்ளையா பூத்துச்சு. சுவத்த தடவுனா கைல மாவு மாதிரி ஒட்டும்.

அதோட சேதாரம் எங்களுக்கு முழுசா புரிஞ்சது ஒரு ஐப்பசி மழைலதான். ஸ்கூல் பிள்ளைங்க வரைஞ்ச வாட்டர்கலர் படங்கள கண்காட்சிக்கு மாட்டி வச்சிருந்தோம், ஏரி, பனைமரம், செங்கல் சூளைன்னு அவங்க பாக்கறத எல்லாம் அப்படியே வரைஞ்சிருந்தாங்க. பத்து நாள் மழை. திறந்து பாக்கறப்ப பாதிப் படத்துல பூஞ்சை. அஞ்சாவது படிக்கிற ஒரு பொண்ணு தன்னோட பாட்டி படத்த சுவத்துல இருந்து எடுத்து பாவாடையில துடைச்சுது, துடைக்க துடைக்க பாட்டி முகம் கலைஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு அழல, மடிச்சு எடுத்துட்டு போயிடுச்சு. படம் மாட்ற இடத்துல படத்த காப்பாத்த முடியலன்னா அது கலைக்கூடமே இல்லன்னு அன்னைக்கு சாயங்காலம் கமிட்டில எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம். ஆர்ச்சு வேணாம், முதல்ல சுவருன்னு முடிவு பண்ணது அப்படித்தான்.

2023 தை மாசம் சிமெண்ட எடுக்க ஆரம்பிச்சோம். எடுக்கறதே பெரிய வேலைங்க, அது செங்கல்ல கவ்விப் பிடிச்சிருந்துச்சு, உளி வச்சு அடிச்சா சிமெண்ட்டோட செங்கல்லோட முகமும் பேந்து வருது, அதனால கையால கொஞ்சம் கொஞ்சமா எடுத்தோம். அப்புறம் சுவத்த வெறுமையா விட்டு வெயில் காலம் பூரா காய விட்டோம். மேஸ்திரி அதுல பிடிவாதமா இருந்தாரு. "சார், உள்ள இருக்கிற ஈரம் போகட்டும், அவசரப்பட்டா மறுபடி நீங்க என்னைத்தான் திட்டுவீங்க"ன்னு சொன்னாரு, சரியான ஆளு.

சுண்ணாம்பு கொண்டு வந்து தொட்டில தண்ணி ஊத்தி நீத்து, மணல் கலந்து அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணி சேத்து, புளிச்ச வாசன வர்ற வரைக்கும் விட்டு பூசணும். சிமெண்ட் மாதிரி ஒரு நாள்ல இறுகாது, காத்துல இருக்கிற கரியமில வாயுவ இழுத்து இழுத்துதான் அது திரும்ப கல்லா மாறும், அதுக்கு வாரக்கணக்குல தண்ணி தெளிச்சு சாக்கு போட்டு காக்கணும். சித்தாள் வேலைக்கு வந்த அக்காங்க ரெண்டு பேரு காலைல மத்தியானம் சாயங்காலம்னு சுவத்துக்கு தண்ணி காட்டுனாங்க, சொந்தப் பிள்ளைக்கு சோறு ஊட்ற மாதிரி. இந்த வேல தெரிஞ்ச கொத்தனாரு இப்ப கிடைக்கறதே கஷ்டம், எங்களுக்கு கிடைச்சவருக்கு அறுபது வயசுக்கு மேல, அவரோட பேரன்தான் கரணை எடுத்துக் குடுத்தான்.

ஒரு பக்கம் பூச்சு நடக்க இன்னொரு பக்கம் கூரைய பிரிச்சோம், கைமரத்துல பாதி கரையான் அரிச்சிருந்துச்சு, அத மாத்தி ரீப்பர் அடிச்சு ஓடு வேயறதுக்குள்ள 2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாம் புயல் வந்துடுச்சு. அந்த ரெண்டு நாள் சென்னைல என்ன ஆச்சுன்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, உங்கள்ல பல பேரு வீட்லயே முட்டி அளவு தண்ணி நின்னுச்சு. இங்க தார்ப்பாய் பறந்து, வடக்கு சுவத்துல பூசி ஒரு வாரம் கூட ஆகாத சுண்ணாம்பு பூரா கரைஞ்சு கீழ வந்துடுச்சு. அந்த சுவர மறுபடி முதல்ல இருந்து செஞ்சோம், பொங்கலுக்கு அப்புறம்தான் வேலையவே திரும்ப தொட்டோம். கால தாமதத்துல பாதி அதுதான். அந்த நேரத்துல வீட்ல தண்ணி புகுந்தும் மாச சந்தாவ நிறுத்தாம போட்டவங்க இருக்கீங்க, உங்களுக்கு நாங்க எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

அடுத்த வருஷம் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி கமிட்டில மூணு பேரு டார்ச்சோட உள்ளயே படுத்தோம். முகட்டு ஓட்டுகிட்ட ஒரே ஒரு எடத்துல சொட்டு விழுந்துச்சு, வேற எங்கயும் இல்ல. காலைல சுவத்துல கைய வச்சு பாத்தோம், ஜில்லுன்னு இருந்துச்சு, ஆனா கைல ஒண்ணும் ஒட்டல.

தரை விஷயத்துல சண்டையே வந்துச்சு, அதையும் மறைக்காம சொல்றோம். வழவழன்னு டைல்ஸ் போடணும், செலவ நானே ஏத்துக்கறேன்னு ஒரு உறுப்பினர் நல்ல மனசோட முன்வந்தாரு. நாங்க கூத்து வாத்தியார கூட்டிட்டு வந்து சாம்பிள் டைல்ஸ் நாலு போட்டு நிக்க வச்சோம். அவரு சலங்கைய கட்டிக்கிட்டு ஒரு கிறுக்கி அடிச்சாரு, ரெண்டாவது சுத்துலயே கால் வழுக்கி சுவத்த பிடிச்சுக்கிட்டாரு. "தம்பி, கூத்துக்காரன் பாதம் மண்ணு கேக்கும்"னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு. விடிய விடிய ஆடற கலைங்க அது, கிரீடமும் தோள்ல மாட்ற புஜக்கட்டையும் கட்டிக்கிட்டு சுத்தறவரு விழுந்தா எலும்பு போயிடும். அதனால கண்காட்சி நடக்கிற பக்கம் ரெட் ஆக்சைடு தரை, கூத்து பழகற பக்கம் கெட்டிச்ச மண் தரை, வாரம் ஒரு தடவ சாணி மெழுகல். டைல்ஸ் குடுக்க வந்தவரு கோவிச்சுக்காம அந்தப் பணத்த ஒப்பனை அறைக்கு மாத்திக் குடுத்தாரு, பெரிய மனசு.

அந்த ஒப்பனை அறை பத்தி ஒரு வார்த்த. கூத்துல பொம்பள வேஷத்த ஆம்பளைங்கதான் கட்டிட்டு வந்தாங்க, ஜமாவுல, அதாவது கூத்துக் குழுவுல, பொண்ணுங்க கிடையாது. காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபால் நடத்துன கட்டைக்கூத்து குருகுலத்துல பெண் பிள்ளைங்களையும் சேத்து பழக்கி அவங்கள மேடை ஏத்துனாங்க, அத பாத்துட்டு வந்துதான் நம்ம ஊர்லயும் நாலு பொண்ணுங்க பழக வந்திருக்காங்க. ஆனா வேஷம் கட்டணும்னா துணி மாத்த ஒரு கதவு வேணும், ராத்திரி பூரா இருக்கணும்னா பாத்ரூம் வேணும். இது இல்லாம பொண்ணுங்கள வாங்கன்னு கூப்பிட்டா அது வெறும் பேச்சுதான். இப்ப தாழ்ப்பாளோட தனி அறை, ரெண்டு பாத்ரூம், ஆளுயரக் கண்ணாடி எல்லாம் இருக்கு. இந்த மொத்த வேலையில எங்களுக்கு மனசு நெறஞ்சது இதுலதான்.

கண்காட்சி கூடத்துல சுவத்துல ஆணி அடிக்கறது இனிமே கிடையாது, மேல சுத்தி கம்பி ஓட்டியிருக்கோம், அதுல இருந்து தொங்க விடணும். ஜன்னல்ல வெயில் நேரா விழற பக்கம் ஓலைத்தட்டி போட்டிருக்கு. தண்ணி வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கிற அலகு) வெளிச்சம் போதும்னு மியூசியம்காரங்க வச்சிருக்கிற கணக்க வச்சுத்தான் லைட்டும் போட்டிருக்கோம், அதுக்கு மேல போனா சாயம் சீக்கிரம் வெளுத்துடும். உள்ள வர்றவங்க இருட்டா இருக்கேன்னு சொல்றாங்க, ரெண்டு நிமிஷம் நின்னா கண்ணு பழகிடும்.

முதல் கண்காட்சியா கூத்து வேஷத்துக்கு கட்டற பழைய கட்டைகள, அதாவது மர அணிகள வச்சோம். கல்யாண முருங்கை மரத்துல செதுக்குன கிரீடம், மார்பதக்கம், புஜக்கட்டை. கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டுனது. தூக்கிப் பாத்தா அவ்ளோ லேசு, அதனாலதான் அந்த மரம், ராத்திரி பூரா தலைல சுமக்கணுமே. ஒரு கிரீடத்தோட உள்பக்கம் வேர்வைல கறுத்துப் போயி, நெத்தி பட்ட எடம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருந்துச்சு. மூணு தலைமுறை போட்டதாம். வெளிப்பக்க ஜிகினாவ விட அந்த உள்பக்கத்ததான் பாக்க வந்தவங்க குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க, அதனால அத திருப்பி வச்சே காட்டறோம்.

பட்டறைங்கள்ல பழவேற்காட்ல இருந்து பனை ஓலை பின்ற அக்காங்க வந்து ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தாங்க, கூட்டம் தாங்கல. அடுத்து சுடுமண் பட்டறை. கொசப்பேட்டைல தலைமுறையா கொலு பொம்மை, பிள்ளையார் பண்ற குடும்பத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. நம்ம ஊருக்கு களிமண்ணு புதுசு இல்ல, பாரதக் கூத்து முடியறப்ப படுகளத்துல துரியோதனன மண்ணுல எவ்ளோ பெருசா படுக்க வைக்கறோம், ஆனா அது சுடாத மண்ணு, சுடறது வேற வித்தை. பிள்ளைங்க குதிரை பண்ணாங்க, அய்யனார் கோயில் குதிரை மாதிரி. எல்லாரும் வயித்த குடைஞ்சு உள்ள காலியா விடணும், அடில ஓட்டை போடணும்னு அவரு சொல்லியும் ஒரு பையன் குதிரை பலமா இருக்கணும்னு கெட்டியாவே பண்ணி வச்சிட்டான், ஈரமும் முழுசா காயல. சூளைல பாதில டப்புன்னு சத்தம். பக்கத்துல இருந்த ரெண்டு குதிரையோட காலும் சேந்து உடைஞ்சுது. பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு. பெரியவர் அவன மடில உக்கார வச்சு, உடைஞ்ச துண்ட கைல குடுத்து, "உள்ள இருந்த தண்ணி ஆவியாயி வழி தேடுச்சு கண்ணு, நீ வழி விடல, அது உடைச்சுக்கிட்டு வந்துடுச்சு"ன்னு சொன்னாரு. அப்ப நம்ம மேஸ்திரியும் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு, எங்கள ஒரு பார்வ பாத்தாரு. அடுத்த வாரம் அந்தப் பையன் பண்ண குதிரை முழுசா வந்துச்சு, கூடத்துல வாசல் பக்கத்துல அதுதான் நிக்குது.

இனி செலவு எப்படி ஓடும்னு கேட்டிருந்தீங்க. ஈஞ்சம்பாக்கத்துல 1966ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமைல சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆரம்பிச்சப்ப, ஓவியத்த மட்டும் நம்பாம பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் பண்ணி வித்துத்தான் அவங்க நிலமும் வாங்கி காலும் ஊன்றுனாங்க. நாங்களும் அந்த வழிதான் பாக்கறோம். பட்டறைக்கு சிட்டில இருந்து வர்றவங்ககிட்ட கட்டணம், ஊர்ப் பிள்ளைங்களுக்கு இலவசம், செஞ்ச பொருள் வித்தா செஞ்சவங்களுக்குத்தான் பெரும்பங்கு. கண்காட்சி பாக்க யார்கிட்டயும் காசு வாங்கறதில்ல, அதுல கமிட்டி உறுதியா இருக்கு.

வந்த பணத்துல பாதிக்கு மேல சுவத்துக்கும் கூரைக்கும் போயிருக்கு. பைசா விடாம நோட்டுல இருக்கு, பில்லு எல்லாம் பைல்ல குத்தி வச்சிருக்கோம், ஞாயித்துக்கிழம காலைல பத்து மணிக்கு மேல யாரு வேணாலும் வந்து உக்காந்து பாக்கலாம். தச்சருக்கு இன்னும் 18,500 ரூபா பாக்கி இருக்கு, அவரு கேக்கல, ஆனா ஆடிக்குள்ள குடுத்துடணும். முகட்டுகிட்ட அந்த ஒரு சொட்டு, அதுக்கு மூணு ஓடு மாத்தணும், மழைக்கு முன்னாடி முடிச்சிடுவோம். கல்வெட்டு வைக்கலயேன்னு வருத்தப்பட்டவங்களுக்கு, பணம் குடுத்தவங்க, வேல செஞ்சவங்க, தண்ணி தெளிச்ச அக்காங்க வரைக்கும் எல்லார் பேரையும் ஒரே அளவு எழுத்துல கைல எழுதி ஃப்ரேம் போட்டு உள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் மாட்டியிருக்கு. பேரு விட்டுப் போயிருந்தா சொல்லுங்க, கீழ எடம் விட்டு வச்சிருக்கோம்.

இப்படிக்கு
திருப்பணிக் கமிட்டி