கல்லின் மேல் மூன்று ஆண்டுகள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இன்று மார்ச் 31. அந்த வேலையில் நீ நீடித்திருந்தால் இன்றோடு மூன்று ஆண்டுகள் நிறைந்திருக்கும். நாளை ஏப்ரல் முதல் நாள். தோக்கியோவின் ரயில்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கறுப்புக் கோட்டணிந்து நிற்பார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் அந்த ஜப்பானியப் பழமொழியைச் சொல்லப்போகிறார்களோ என்று மனம் கலங்குகிறது.

"இஷி நோ உஎ நி மோ சான்னென்." கல்லின் மேலானாலும் மூன்று ஆண்டுகள். அதில் வினைச்சொல்லே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். உட்கார் என்றோ, பொறுத்துக்கொள் என்றோ, குளிர்ந்த கல்லும் சூடேறும் என்றோ அது வாய்திறந்து சொல்லவில்லை, சொல்பவர்தான் நிரப்பிக்கொள்கிறார். உனக்கு நிரப்பிச் சொன்னவள் நான்.

தகாசாகியில் ஷோரின்சான் தாருமா கோயிலின் ஜனவரித் திருவிழாவுக்குப் போனோமே, அந்த நாள்தான் திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது. உள்ளங்கை அளவுள்ள சிவப்புத் தாருமா பொம்மை ஒன்றை வாங்கி, வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண், நிறைவேறியபின் மறு கண் என்ற வழக்கப்படி அதன் இடக் கண்ணை மட்டும் நீ மையால் வரைந்தாய். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று நீ தொடங்கியதுமே நான் பழமொழியை எடுத்தேன். அது போதாதென்று, அந்தப் பொம்மை போதிதருமர் என்றும், தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்று மரபு சொல்லும் அவர் ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்தே அமர்ந்திருந்தார் என்றும், நம் பக்கத்து மனிதரால் முடிந்தது உன்னால் முடியாதா என்றும் பேசினேன். நீ பொம்மையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாய்.

"உட்கார்ந்தே கால்கள் போய்விட்டன என்றுதானே அக்கா கதை?"

"தள்ளினால் எழுந்து நிற்கும், பார்" என்று நான் அதைத் தட்டிக் காட்டினேன். அதன்பின் நீ பேசவில்லை. திரும்பும் ரயிலில் உறங்குபவன்போலக் கண்களை மூடிக்கொண்டாய். அதே வாரத்தில் உன் மேலாளரும் அதே பழமொழியைச் சொல்லியிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

அந்தச் சொற்கள் எனக்குக் கைகொடுத்தவை, தம்பி, அது பொய்யில்லை. மூன்றாம் ஆண்டில்தான் அலுவலகக் கூட்டத்தில் அஞ்சாமல் பேச எனக்கு வாய் வந்தது. ஆனால் நான் இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்பியவள். நீ கடைசி ரயிலில் வந்தவன். மிகை உழைப்பால் நேரும் சாவுக்குக் கரோஷி என்று தனிச்சொல்லும், அதைத் தடுக்க 2014-இல் இயற்றிய சட்டமும் உள்ள நாடு இது. பட்டதாரிகளில் ஏறக்குறைய 10 பேருக்கு 3 பேர் முதல் வேலையை மூன்று ஆண்டுகளுக்குள் விட்டுவிடுவதை அரசின் கணக்கே காட்டுகிறது. இவையெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். தெரிந்தும் சொல்லாததற்கு, அக்காதான் அழைத்துப்போய்க் கெடுத்தாள் என்ற பேச்சு ஊரில் எழுந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். என்னை மன்னித்துவிடு.

மருத்துவர் உன்னிடம் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்; நம் உறவினர்களும் இதைப் படிப்பார்கள். அந்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ விமானம் ஏறியது சரியில்லை. நீ ஊர் சேர்ந்ததை அம்மா தொலைபேசியில் சொல்லித்தான் நான் அறிந்தேன். அறைக்கு உத்தரவாதக் கையெழுத்திட்டவள் என்பதால் அதைக் காலிசெய்து கொடுக்கவும் நானே போனேன். சன்னலோரத்தில் அந்த ஒற்றைக்கண் பொம்மை மட்டும் இருந்தது. எனக்காக வைத்தாயா, மறந்துவிட்டாயா என்று கேட்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவுமில்லை.

ஓராண்டு கழிந்த தாருமாவைக் கோயிலில் ஒப்படைத்து எரிக்கக் கொடுப்பது இங்கே வழக்கம். நான் கொடுக்காமலே வைத்திருந்தேன். வரும் ஜனவரியில் தகாசாகிக்குக் கொண்டுபோவதென்று முடிவுசெய்துவிட்டேன். அன்று நீ வேண்டிக்கொண்டது நிறைவேறிவிட்டதென்றால் எனக்கு எழுது. வலக் கண்ணையும் வரைந்துவிட்டுக் கொடுக்கிறேன்.

உன் அக்கா