இங்கே நான் அலைகளுக்குக் கோட் எழுதுகிறேன்

அன்புள்ள அக்கா,

"விளக்குப் போடுவதற்கா கம்ப்யூட்டர் படித்தவனைக் கடல் தாண்டிக் கூப்பிட்டார்கள்?" என்று போனில் கேட்டாயே, அப்போது விளக்கமாகச் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் இருக்கும், நெதர்லாந்தின் ஐந்தோவனில்தான் 1891-ல் பிலிப்ஸ் கம்பெனி தொடங்கியது, பல்பு செய்வதற்காக. ஒளி நகரம் என்றே இந்த ஊரைச் சொல்கிறார்கள். ஆனால் டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் போய்விடும், முதல் குளிர்காலத்தில் அந்த இருட்டு எனக்கு ரொம்பவே கனத்தது. இந்த ஊர்க்காரர்களோ இருட்டுகிறதே என்று வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. நவம்பரில் க்ளோ என்று ஒரு ஒளி விழா, 2006-லிருந்து நடக்கிறது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பெரியவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, லட்சக்கணக்கான பேர் தெருத்தெருவாக நடந்து பார்க்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

இப்படிப்பட்ட விழாக்களுக்கு வேலை செய்யும் ஒரு சின்ன ஸ்டுடியோவில் இருக்கிறேன். கம்பம் நடுவதும் வயர் இழுப்பதும் வேறு ஆட்கள். கம்ப்யூட்டரில் கோட் எழுதி, தொங்குகிற விளக்குகளை அலையாகவும் மேகமாகவும் மின்மினியாகவும் நடந்துகொள்ள வைப்பது என் பொறுப்பு.

ஒவ்வொரு விளக்குக்கும் ரேண்டமாக ஒரு எண் கொடுத்தால் இயற்கையாக இருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இருக்காது அக்கா, சிக்னல் இல்லாத பழைய டிவி மாதிரி புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். மேகத்தில் ஒரு இடம் வெளுப்பாக இருந்தால் பக்கத்து இடமும் ஏறக்குறைய வெளுப்பாகத்தான் இருக்கும், கொஞ்சம் தள்ளிப் போகப் போகத்தான் மாறும். அந்த 'ஏறக்குறைய'வைக் கணக்காக எழுதியவர் கென் பெர்லின் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி, அதற்கு 'நாய்ஸ்' என்று பெயர். கம்ப்யூட்டர் படங்கள் எல்லாம் மெஷின் செய்தது போலவே தெரிகிறதே என்ற எரிச்சலில் 1983-ல் உருவாக்கினார், அதற்காக 1997-ல் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர் விருதும் வாங்கினார். புகை, தீ, பனிமூட்டம் எது கேட்டாலும் நாங்கள் முதலில் போய் நிற்பது அவருடைய நாய்ஸ் கணக்கிடம்தான்.

மின்மினி இன்னும் அழகு. ஒவ்வொரு விளக்குக்கும் உள்ளுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, நிரம்பினால் மின்னும். எங்காவது ஒன்று மின்னினால் மற்றதெல்லாம் தன் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்ளும். தலைவன் கிடையாது, தாளம் போடுபவர் கிடையாது. கொஞ்ச நேரம் குழம்பிக் கிடந்துவிட்டு மொத்தமும் ஒன்றாக மின்ன ஆரம்பிக்கும். இது ஏன் நடக்கிறது என்பதை மிரோல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1990-ல் நிரூபித்தார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தண்ணீர். விளக்குகளைக் கட்டம் கட்டமாக அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள். ஒவ்வொரு விளக்கும் மேல், கீழ், இடம், வலம் நான்கின் அளவையும் கூட்டிப் பாதியாக்கி, ஒரு படி முன்னால் தனக்கு இருந்த அளவை அதிலிருந்து கழித்து, வருவதில் நூற்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ஒரு விளக்கைத் தட்டிவிட்டால் வட்டம் விரிகிறது, ஓரத்தில் பட்டுத் திரும்புகிறது, இன்னொரு வட்டம் எதிரே வந்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விடுகிறது. நான் எழுதிய கோடில் வட்டம் என்பதே எங்கும் இல்லை! முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றைக்கும் சிலிர்க்கிறது.

அப்புறம் நம் கண் இருக்கிறதே, அது தனிப் பாடு. விளக்கின் ஒளியைச் சரிபாதி ஆக்கினால் கண்ணுக்கு முக்கால்வாசி போலத் தெரியும், அதையும் கணக்கில் திருத்த வேண்டும். ஒளியை 256 படிகளில் ஏற்றி விடியலைக் காட்டினால் ஆரம்ப இருட்டில் ஒவ்வொரு படியும் துள்ளித் தெரியும், அதனால் 65,536 படி வைத்துக்கொள்கிறோம். நிறத்திலும் கை அடக்கம் வேண்டும் என்பது என் கட்சி. எல்.இ.டி. எல்லா நிறமும் தரும் என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டினால் அலை செத்துவிடும்.

நீ வரும்போது ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறேன். டிரிஃப்ட் என்ற கலைஞர் இணை செய்த பட்டு விளக்குகள் அங்கே கூரையிலிருந்து இறங்கி விரிந்து, மறுபடி சுருங்கி ஏறும். இரவில் இதழ் மூடும் பூக்களைக் கவனித்துச் செய்தது. அதன் கீழே நின்றால் நீயே என் வேலையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிடுவாய்.

சரி, ஒரு உதவி. அடுத்து விளக்குகளில் மழையைக் காட்டும் ஒரு வேலை வருகிறது. மழை தொடங்கும்போது தேங்கின தண்ணீர் எதையாவது போனில் ஸ்லோமோஷனில் எடுத்து அனுப்பு, போனைக் கையில் பிடிக்காமல் எதன் மேலாவது சாய்த்து வை. முதல் சில துளிகள்தான் முக்கியம், பலத்த மழை வேண்டாம், அதில் வட்டங்கள் கலந்துபோய் எதையும் அளக்க முடியாது.

அன்புடன்,
உன் தம்பி